விமானிகளின் செய்திமடலில் கிடைத்த கன்டென்ட் ஐடியாக்கள்: நாசாவின் 'கால்பேக்' பற்றி

மூன்று வருடமாக மாதம் தவறாமல் நான் படிக்கிற ஒரே செய்திமடல் விமானப் பாதுகாப்பைப் பற்றியது. நான் விமானி இல்லை, விமானத்துறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு எழுதுகிறேன்: வாரம் ஒரு மின்னஞ்சல், மாதம் நாலைந்து உதவிக் குறிப்புகள், அவ்வப்போது ஒரு நீளமான கட்டுரை. இதை ஏன் படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் துறைக்கு எழுதுபவராக இருந்தாலும் 'கால்பேக்' என்ற இந்தச் செய்திமடலுக்கு ஒரு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். இலவசம். மின்னஞ்சல் முகவரியைப் பதிந்தால் மாதாமாதம் வந்துவிடும், பழைய இதழ்கள் எல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன.

எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் எழுதுகிற எல்லோரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறோம். போட்டி நிறுவனத்தின் கட்டுரையை நான் படிப்பேன், என் கட்டுரையை அவர்கள் படிப்பார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் 'மாதக் கணக்கு முடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்' என்று கிட்டத்தட்ட ஒரே கட்டுரையை எழுதியிருப்போம். தேடல் சொற்களைப் பார்த்து டாபிக் எடுத்தாலும் அதே கதைதான், ஏனென்றால் எல்லோரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறோம். அந்தச் சமயத்தில், 'சம்பந்தமில்லாத துறைகளிலிருந்து ஐடியா எடுத்துத் தருகிறோம்' என்று சொன்ன ஒரு கட்டணச் சேவையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வாரம் முப்பது தலைப்பு வரும். தேனீக்களிடமிருந்து கணக்காளர் கற்கவேண்டிய பாடங்கள், சதுரங்கமும் வரவுசெலவும், இப்படி. இரண்டு மாதம் முயன்று பார்த்தேன். தலைப்பு கவர்ச்சியாகத்தான் இருந்தது, எழுத உட்கார்ந்தால் முதல் பத்திக்குமேல் நகரவில்லை. தேனீ கூட்டாக வேலை செய்கிறது, நீங்களும் கூட்டாக வேலை செய்யுங்கள். அதற்குமேல் அதில் சொல்ல என்ன இருக்கிறது? தேனீயைப் பற்றி எனக்கும் தெரியாது, அந்தத் தலைப்பைத் தயாரித்தவருக்கும் தெரியாது. இரண்டு துறைகளையும் மேலோட்டமாகத் தொட்டு ஒரு உவமையைக் கட்டிவிட்டு, ஐடியா என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அதை நிறுத்திவிட்டு யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எனக்குத் தேவை இன்னொரு துறையைப் பற்றிய கட்டுரை இல்லை. அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கவேண்டும். வெளியாட்களுக்காக அழகுபடுத்தாமல், வேலை நடுவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. அப்படித் தேடிப் போனதில் கிடைத்ததுதான் கால்பேக்.

இதன் பின்கதை தெரிந்தால் இதழைப் படிக்கிற விதமே மாறிவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ என்ற நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலைமுகட்டில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்குக் கொடுக்கப்பட்ட அனுமதியை, உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் இன்னும் கனமானது. ஆறு வாரம் முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில், அதே அனுமதியை, அதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். தங்கள் நிறுவனத்தில் சொல்லியும் இருக்கிறார்கள். அந்தச் செய்தி அந்த நிறுவனத்துக்குள் சுற்றியதோடு சரி, மற்ற நிறுவனத்து விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இதற்கு அடுத்த வருடம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமே தவறுகளைத் தெரிவிக்கச் சொல்லி ஒரு திட்டம் தொடங்கியது. தண்டிக்கிற கையிலேயே தவறை எழுதிக்கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் 1976-இல் அந்தப் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்குத் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. விமானி, தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டாளர், விமானப் பணியாளர், பழுதுபார்ப்பவர் என்று யார் வேண்டுமானாலும் நடந்ததை எழுதி அனுப்பலாம். வருகிற அறிக்கையிலிருந்து அனுப்பியவரின் பெயர் உள்ள பகுதியைப் பிரித்தெடுத்து, தேதி முத்திரை போட்டு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறல் என்றால், பத்து நாளுக்குள் அறிக்கை அனுப்பியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. விபத்தும் குற்றச் செயலும் இதில் சேராது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி, ஒரு தலைப்பில் கோத்து, 1979 முதல் மாதாமாதம் வெளியிடுவதுதான் கால்பேக்.

ஓரிரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒரு சின்ன முன்னுரை, அதற்குக் கீழே நாலைந்து பேர் தங்கள் வார்த்தையிலேயே சொன்ன சம்பவங்கள், அவ்வளவுதான். நிபுணர் கருத்து, பத்துக் கட்டளை என்று நீட்டுவதில்லை. முதல் இதழைத் திறந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது இதழில்தான் கவனித்தேன், இவர்கள் எழுதுகிற வரிசையே வேறு. நாம் எழுதும்போது தவறு என்ன என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் காரணம் சொல்வோம். இங்கே அந்த ஆள் அந்த நிமிடத்தில் எதைப் பார்த்தார், எதைச் சரி என்று நினைத்தார், ஏன் அப்படி நினைத்தது அவருக்கு இயல்பாக இருந்தது என்று அதே வரிசையில் போகிறது. படிக்கிறவரும் கூடவே போய் அதே குழியில் விழுகிறார். விழுந்தபிறகுதான் குழி தெரிகிறது.

சில இதழ்களில் இதையே ஒரு வடிவமாக ஆக்கியிருப்பார்கள். சம்பவத்தின் முதல் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பார்கள். அந்த விமானி உண்மையில் என்ன செய்தார் என்பது பின்னால் தனியாக வரும். அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். ஒரு எழுத்தாளராக எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. இந்த ஒரு வடிவத்தை எடுத்து எங்கள் வார மின்னஞ்சலில் போட்டோம்: செவ்வாய்க்கிழமை பாதிக் கதை, வெள்ளிக்கிழமை மீதி. அதுவரை எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியவர்கள் சந்தா நிறுத்தச் சொல்லித்தான் எழுதுவார்கள். இந்த முறை, நானாக இருந்தால் முதலில் வங்கியைக் கூப்பிடுவேன், இல்லை, முதலில் பதிவைப் பூட்டுவேன் என்று ஆட்கள் வாதாடிக்கொண்டு எழுதினார்கள். அந்தப் பதில்களே அடுத்த ஒரு மாதத்துக்கு எழுத விஷயம் கொடுத்தன.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வது புரியாது. விமானிகளுக்கு உயரம் சொல்லும்போது அமெரிக்காவில் 10,000 அடியை 'ஒன் ஜீரோ தவுசண்ட்' என்றும் 11,000 அடியை 'ஒன் ஒன் தவுசண்ட்' என்றும் சொல்வார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அவர்களிடம் பல காலமாக இருக்கிற பிரச்சினை, அதைப்பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்லவேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் காதில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படி இருந்தும் நழுவுகிறது. விமானி தான் எதிர்பார்த்த எண்ணைக் கேட்கிறார், தப்பாகத் திருப்பிச் சொல்கிறார், கட்டுப்பாட்டாளரும் தான் சொன்ன எண்ணே திரும்பி வந்ததாகக் கேட்டுக்கொள்கிறார். காது கேட்பது ஒன்று, மனம் கேட்பது வேறொன்று.

இதைப் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம், எங்கள் வாடிக்கையாளர் உதவிக் குழுவிடம் போய், நம்மிடம் ஒன் ஜீரோ, ஒன் ஒன் மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டதுதான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பெயர்ப் பட்டியல் என்று சொன்னார்கள். பணம் அனுப்பவேண்டிய நிறுவனத்தின் பெயரில் முதல் நாலு எழுத்தைத் தட்டினால் ஒரே மாதிரி தொடங்குகிற இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரும், கை பழக்கத்தில் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடும். சரி, இப்படி மயிரிழையில் தப்பியவர்கள் இருந்தால் எழுதுங்கள், பெயர் வெளியிடமாட்டோம் என்று கேட்டோம். ஏழு பேர் எழுதினார்கள். அதில் ஒரு பெண் எழுதியது இன்னும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. மாதக் கடைசி, மாலை, வரிசையில் பதினெட்டாவது பட்டுவாடா. பெயரைத் தேர்ந்தெடுத்து, தொகையை இட்டு, உறுதிசெய்வதற்கு முன்னால் வேறு ஏதோ கேட்க ஒரு சக ஊழியர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். பேச்சுவாக்கில் இந்தப் பெண், நான் இப்போது எதில் இருக்கிறேன் தெரியுமா என்று திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்திருக்கிறார். தன் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும்தான், அது இந்த மாதம் பணம் கொடுக்கவேண்டிய நிறுவனமே இல்லை என்று உறைத்ததாம். பதினேழு முறை கண்ணால் பார்த்துச் சரி என்று போனவர்.

அந்தக் கடிதத்திலிருந்து நாங்கள் எழுதிய குறிப்பில் விமானம் என்ற சொல்லே கிடையாது. உறுதிசெய்வதற்கு முன் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் படியுங்கள், இவ்வளவுதான். எங்கள் உதவிக் குறிப்புகளிலேயே அதிகம் பேர் பிறருக்கு அனுப்பியது அதுதான். பிறகு மென்பொருள் குழுவும் அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே கடைசி நாலு இலக்கம் தெரிகிற மாதிரி மாற்றினார்கள். ஒரு கன்டென்ட் ஐடியா அந்த இடம்வரை போனது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

விமானம் என்ற சொல் கிடையாது என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று 1981-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஏறுவதும் இறங்குவதும்தான் ஆபத்தான நேரம் என்பதால் அந்த நேரத்தைத் தனியாக வேலி போட்டுப் பிரித்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்துப்போய், உங்கள் மாதக் கணக்கும் ஒரு விமானம் இறங்குவது போலத்தான் என்று ஆரம்பித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் விமானப் பகுதி சுவாரசியம் என்றார்கள், அதோடு சரி. யாரும் அதன்படி எதையும் செய்யவில்லை. நான் விட்டு வந்த அந்தத் தேனீத் தலைப்பைத்தான் வேறு வேஷத்தில் எழுதியிருக்கிறேன் என்று அப்புறம் புரிந்தது. அதே கட்டுரையை, மாதக் கணக்கு முடிக்கும் நாளில் எந்த மூன்று வேலைகளின்போது தொலைபேசியை எடுக்கக் கூடாது, ஏன் அந்த மூன்று மட்டும் என்று மாற்றி எழுதினோம். அது போய்ச் சேர்ந்தது. இப்போது எழுதி முடித்ததும் இரவல் வாங்கிய துறையின் பெயரை எல்லா இடத்திலும் அடித்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். கட்டுரை நின்றால் ஐடியா உண்மையிலேயே கிடைத்திருக்கிறது. சரிந்துவிட்டால் என்னிடம் இருப்பது உவமை மட்டும்.

லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையும் ஃபெராரி கார்ப் பந்தயக் குழுவும் சேர்ந்த கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள், துறை தாண்டி ஐடியா எடுப்பது பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வதுதான். இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கிற அந்தச் சில நிமிடங்களைச் சீர்செய்ய, பந்தயத்தின் நடுவில் சில நொடிகளில் சக்கரம் மாற்றுகிறவர்களிடம் போனார்கள். கதையைச் சொல்கிறவர்கள் வேகத்தைத்தான் சொல்வார்கள். மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது வேகத்தை இல்லை. யார் தலைமை, யார் எங்கே நிற்பது, எந்தக் கட்டத்தில் பேசுவது, எந்தக் கட்டத்தில் கையால் வேலை மட்டும் செய்வது என்பதைத்தான். 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 என்றிருந்த செயல்முறைப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. இதே கண்ணோடு கால்பேக்கைப் படித்தால் பல இதழ்களில் ஒரு ஐடியாவாவது எடுக்கலாம்.

இந்த இதழிலிருந்து நான் எடுத்ததிலேயே மதிப்பானது எது என்று கேட்டால், எந்தச் சம்பவமும் இல்லை, அந்த ஒப்பந்தம்தான். தண்டிக்காதவரிடம் பெயரில்லாமல் சொல்லலாம் என்ற உறுதி இருந்தால் மனிதர்கள் எவ்வளவு நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதுகிறார்கள் என்பதை இதழுக்கு இதழ் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்களும் மயிரிழையில் தப்பியவர்களுக்கென்று ஒரு பத்தி தொடங்கினோம். இதைச் சும்மா செய்துவிட முடியாது. வருகிற கடிதத்தை ஒரே ஒருவர்தான் படிக்கிறார், விற்பனைக் குழுவுக்குப் போகாது, பெயரும் தொகையும் நிறுவனத்தின் தொழிலும் மாற்றப்படும், வெளியிடுவதற்கு முன் எழுதியவருக்கே அனுப்பி, இதில் உங்களை யாராவது அடையாளம் காண முடியுமா என்று கேட்போம். இரண்டு முறை முடியும் என்று சொன்னார்கள், இரண்டையும் வெளியிடவில்லை. இந்த வேலை எல்லாம் சேர்த்தால் ஒரு கட்டுரை எழுதுவதைவிட அதிக நேரம் ஆகிறது, ஆனால் போட்டி நிறுவனம் நகலெடுக்க முடியாத ஒரே கன்டென்ட் எங்களிடம் இதுதான். தேடல் சொல் பட்டியலில் இது கிடைக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு இதழ் கடினம். சுருக்கெழுத்துகள் நிறைய, விமானத்தின் பாகங்கள், இறங்கும் முறைகளின் பெயர்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதுவதுபோலத்தான் எழுதியிருக்கும், அவர்களுக்குத்தானே எழுதுகிறார்கள். நான் புரியாத சொல்லை எல்லாம் தாண்டிவிட்டு, அந்த ஆள் என்ன நினைத்தார் என்ற வாக்கியங்களை மட்டும் பிடித்துக்கொண்டேன், அதுவே போதுமாக இருந்தது. வருடக்கணக்கில் படித்தால் பனிக்கால வானிலை, எரிபொருள், கவனச்சிதறல் என்று தலைப்புகள் திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று முக்கியம்: இவை தாமாக முன்வந்து அனுப்பிய அறிக்கைகள். ஒவ்வொன்றையும் யாரும் நேரில் போய்ச் சரிபார்ப்பதில்லை, அதனால் இத்தனை சதவீதம் பேர் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்று இதை வைத்துக் கணக்குச் சொல்லக் கூடாது. அவர்களே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கட்டுரைக்கு ஒரு எண் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்படுகிற நம்மைப் போன்றவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம், இது உயிர் சம்பந்தப்பட்ட துறை. அங்கே ஒருவர் பயந்து நடுங்கி எழுதியதை எடுத்து, பாருங்கள், உங்கள் விலைப்பட்டியலும் இப்படித்தான் என்று எழுதினால் படிப்பவருக்கு முகம் சுளிக்கும். அதற்காகவும்தான் துறையின் பெயரை அடித்துவிடச் சொல்கிறேன்.

கால்பேக் பிடித்துப்போனால் அடுத்த படி அதே அமைப்பின் தரவுத்தளம். பெயர் நீக்கிய அறிக்கைகளை நீங்களே தேடிப் படிக்கலாம். இடையூறு, அவசரம், பணிமாற்றம் என்று பொதுவான சொல்லை இட்டுத் தேடுவேன், விமானச் சொல் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. பிரிட்டனில் 1982 முதல் இதே வேலையைச் செய்கிற 'சிர்ப்' என்ற அமைப்பு இருக்கிறது. அவர்கள் கப்பல் துறைக்கும் தனியாக வெளியிடுகிறார்கள். நீண்ட பயணம், சின்னக் குழு, களைப்பு, மேலதிகாரியிடம் சொல்லத் தயக்கம், இவை எல்லாம் அதில் நிறைய வரும். குழுவாக வேலை செய்வது, மேலாளர், பணிச்சூழல் என்று எழுதுகிறவர்களுக்குக் கப்பல்காரர்கள் இன்னும் நெருக்கமாக இருப்பார்கள்.

யாருக்கு இது உதவாது? நாளைக் காலைக்குள் பத்துத் தலைப்பு வேண்டும் என்று நிற்பவருக்கு உதவாது. ஒரு இதழுக்கு எனக்கு ஒரு ஐடியா வரும், சில மாதம் அதுவும் வராது. மற்றபடி, பயிற்சி தருபவர், உதவிக் குறிப்பு எழுதுபவர், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புபவர், காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர் எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன்.

ஆரம்பிக்கிறவர்கள் புது இதழிலிருந்து தொடங்கவேண்டாம். பழைய இதழ்களில், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறவற்றைத் தேடி எடுங்கள். இரண்டாம் பாதியைத் திறக்காமல், உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே உங்கள் வாடிக்கையாளர் இதே மாதிரி எந்த நாளில், எந்தத் திரையின் முன்னால், யாரும் பார்க்காதபோது மாட்டிக்கொள்வார் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் மீதிக் கதையைத் திறந்து படியுங்கள்.